கணக்கில் சேராத துடிப்புகள்

இதய மேலறை நடுக்கத்துக்கான அப்லேஷன் சிகிச்சையின் வரலாற்றை நாம் 1998இலிருந்து தொடங்குவது வழக்கம். பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசகேர் குழுவினர், நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளுக்குள் பிறப்பதைக் கண்டு, கதீட்டர் முனையால் அவ்விடங்களைச் சுட்டனர். ஏறத்தாழ 8 மாதக் கண்காணிப்பில் 45 பேரில் 28 பேருக்கு நடுக்கம் திரும்பவில்லை. ஏனைய 17 பேரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

சுட்ட புண் தழும்பாக வாரங்கள் ஆகும். அதுவரை அதன் வீக்கமே துடிப்பைத் தடுமாறச் செய்யக்கூடும். ஆகவே முதல் மூன்று மாதத் தடுமாற்றங்களைத் தோல்விக் கணக்கில் சேர்க்காத மரபு உருவாயிற்று. ஆய்வேட்டுக்கு அது விலக்குக் காலம். நள்ளிரவில் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணும் நமக்கோ ஒவ்வொரு தப்பிய துடிப்பும் கணக்குதான். 2024இல் பன்னாட்டு வல்லுநர் அறிக்கை அக்காலத்தை 8 வாரமாகச் சுருக்கியது. மூன்றாம் மாதத்தில் வந்த நடுக்கம் பலருக்குப் பின்னரும் திரும்பியதே காரணம்.