மஞ்சள் தொப்பி டாக்டர்கள்

போன வருஷம் அக்கா மகள் எம்.டி. சேர்ந்தாள். சில மாசம் கழித்து ஒரு ராத்திரி போன். "மாமா, நீங்க எக்செல்ல நல்லா டேபிள் போடுவீங்கல்ல? தீசிஸுக்கு ஹெல்ப் பண்ணுங்க."

"சரி, எதைக் கண்டுபிடிக்கப் போற?"ன்னு கேட்டேன்.

"கண்டுபிடிக்கறதா? டியூட்டி முடிஞ்சு தூங்கவே நேரமில்ல. முடிச்சுக் கொடுத்தாப் போதும்."

அவள் சோம்பேறி இல்லை. வார்டில் பார்த்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள். கேள்விகள் நிறைய இருக்கு, ஆனால் அதைத் துரத்த நேரமும் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. நோயாளியைப் பார்க்கும் ஒரு இளம் டாக்டர் எப்படித்தான் ஆராய்ச்சியாளர் ஆகிறார் என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன். நான் மென்பொருள் ஆள், மருத்துவம் தெரியாது. ஆனால் தேடப்போய்க் கிடைத்த கதை என்னை ரெண்டு மாசம் விடவில்லை.

கதை 1968-ல், அமெரிக்காவில் நடக்கிறது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருஷம். அங்கே டாக்டர்களுக்கும் கட்டாய ராணுவ சேவை உண்டு. படிப்பு முடித்து, இன்டர்ன்ஷிப் முடிக்கிற நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். தப்பிக்க சட்டபூர்வமான வழிகள் சிலதான். அதில் ஒன்று, அரசின் பொதுச் சுகாதாரச் சேவையில் ரெண்டு வருஷம் வேலை பார்ப்பது. அதுவும் ராணுவ சேவைக் கணக்கில் சேரும். அந்தச் சேவையின் கீழ்தான் வாஷிங்டன் பக்கத்தில் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., வருகிறது.

என்.ஐ.எச். வளாகத்தில் 1953-ல் கிளினிக்கல் சென்டர் என்ற மருத்துவமனையைத் திறந்தார்கள். சுமார் 500 படுக்கைகள். ஆராய்ச்சியில் பங்கேற்கும் நோயாளிகளுக்கு மட்டுமான ஆஸ்பத்திரி அது. அந்தக் கட்டடத்தில் வார்டும் லேபும் கிட்டக்கிட்ட இருக்கும். காலையில் பார்த்த நோயாளியின் ரத்தம் மத்தியானம் நாலு அறை தள்ளி உங்கள் மேஜையிலேயே இருக்கும். அங்கே இளம் டாக்டர்களை ரெண்டு மூணு வருஷத்துக்கு 'அசோசியேட்' என்று எடுத்தார்கள். சம்பளம் உண்டு, தலைக்கு மேலே ஒரு மூத்த விஞ்ஞானி உண்டு, அடிப்படை அறிவியலில் விட்டதைப் பிடிக்க சாயங்கால வகுப்புகளும் உண்டு.

வியட்நாம் சூடு பிடித்ததும் இந்த இடத்துக்கு அடிதடி. நாட்டின் சிறந்த மருத்துவக் கல்லூரிகளின் முதல் மாணவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். வெளியே இருந்தவர்கள் இவர்களுக்கு 'எல்லோ பெரே', மஞ்சள் தொப்பி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ராணுவத்தின் சிறப்புப் படைக்குப் பெயர் 'கிரீன் பெரே', பச்சைத் தொப்பி. அமெரிக்கப் பேச்சில் மஞ்சள் என்றால் கோழை. நம்மூர் மஞ்சள் மாதிரி மங்கலம் இல்லை!

1968-ல் உள்ளே வந்தவர்களில் நாலு பேரைப் பாருங்கள். ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், ஹரால்ட் வார்மஸ், மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன். நாலு பேருக்கும் பின்னால் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில் இதே வழியாக வந்த பிஷப், முராத், கில்மன், புரூசினர் எல்லாருக்கும் கூடக் கிடைத்தது. இப்போது எல்லோருக்கும் தெரிந்த அந்தோணி ஃபாச்சியும் 1968-ல் வந்தவர்தான்.

இதை வெற்றிப் பட்டியலாகப் படித்தால் விஷயம் தப்பிவிடும். வந்த அன்றைக்கு இவர்கள் யார் என்று பார்க்கணும்.

வார்மஸ் படித்தது ஆங்கில இலக்கியம். ஹார்வர்டில் அதில் எம்.ஏ. வாங்கிவிட்டுத்தான் மருத்துவத்துக்கு மாறினார். மாணவராக இருந்தபோது உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறார். லேப் அனுபவம் கிட்டத்தட்ட பூஜ்யம். அவரை எடுத்துக்கொண்டவர் ஐரா பாஸ்டன். கொடுத்த வேலை, பாக்டீரியாவில் ஒரு மரபணு எப்படி இயக்கப்படுகிறது என்பது. நோயாளிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். ஆனால் அங்கே கற்ற ஒரு உத்தியை, ஒரு மரபணு வரிசையை அதன் ஜோடியைக் கொண்டு தேடிப் பிடிப்பதை, சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். அதை வைத்துத்தான் அவரும் பிஷப்பும், புற்றுநோய் உண்டாக்கும் வைரஸில் இருக்கும் மரபணுவின் மூலம் சாதாரண உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது என்று 1976-ல் காட்டினார்கள்.

கோல்ட்ஸ்டைனும் பிரவுனும் பாஸ்டனில் ஒன்றாக வேலை பார்த்த நண்பர்கள். கோல்ட்ஸ்டைன் லேபில் மரபுக் குறியீட்டைப் படித்த நிரன்பர்கிடம் இருந்தார். வார்டிலோ, பிறவியிலேயே கொலஸ்ட்ரால் பல மடங்கு ஏறி, சின்ன வயசிலேயே மாரடைப்பு வரும் பிள்ளைகளைப் பார்த்தார். பிரவுன் என்சைம்கள் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகின்றன என்பதை எர்ல் ஸ்டாட்மனிடம் கற்றார். ஒருவர் கையில் அந்தக் குழந்தைகளைப் பற்றிய கேள்வி, இன்னொருவர் கையில் அதைக் கேட்கும் கருவி. ரெண்டும் டல்லஸில் சேர்ந்தது. அந்தப் பிள்ளைகளின் உயிரணுக்களில் கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் ஏற்பி இல்லை என்று கண்டுபிடித்தார்கள். இன்றைக்குக் கோடிக்கணக்கானோர் போடும் ஸ்டாட்டின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்ததற்கு அடிப்படை அது.

என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது லெஃப்கோவிட்ஸ் கதை. சின்ன வயசிலிருந்தே அவருக்கு ஒரே ஆசை, நோயாளி பார்க்கும் டாக்டர் ஆகணும். ஆராய்ச்சியில் நாட்டமே இல்லை. ராணுவ அழைப்பு இல்லையென்றால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஜெஸ்ஸி ராத், பாஸ்டன் ரெண்டு பேரும் கொடுத்த வேலை: ஒரு ஹார்மோனில் கதிரியக்க அயோடினை ஒட்டி, அது அட்ரினல் சுரப்பியில் போய் ஒட்டும் இடத்தைக் காட்டணும். அப்படி ஓர் 'ஏற்பி' நிஜமாகவே இருக்கிறதா என்பதையே பலர் சந்தேகப்பட்ட காலம்.

ஒரு வருஷத்துக்கு மேல் எதுவும் வேலை செய்யவில்லை. பள்ளியிலிருந்து முதல் ரேங்க் வாங்கியே பழகிய ஆளுக்கு வாழ்க்கையில் முதல் தோல்வி. போதும்டா சாமி என்று, ரெண்டு வருஷம் முடிந்ததும் பாஸ்டனில் ரெசிடென்சிக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டார். கடைசி மாசங்களில்தான் சோதனை கைகூடியது. 1970-ல் கட்டுரை வந்தது. திட்டமிட்டபடி பாஸ்டன் போனார். போனபிறகுதான் கை அரித்தது. தினமும் புதிதாக ஒரு தகவல் பார்க்கும் பழக்கத்தை விட முடியவில்லை. மறுபடி லேபுக்குள் புகுந்தார். 2012-ல் நோபலைப் பகிர்ந்துகொண்ட பிரையன் கோபில்கா, இவரிடம் பயிற்சி பெற்றவர்.

என் பொறியாளர் மூளை இங்கே ஒரு கேள்வி கேட்டது. நாட்டின் முதல் மாணவர்களைப் பொறுக்கி எடுத்தால் நோபல் வராம என்ன வரும்? எடுக்காமல் விட்டிருந்தாலும் ஜெயித்திருப்பார்களோ? நியாயமான சந்தேகம். பியர் அஸூலே என்ற பொருளாதார அறிஞரும் அவர் சகாக்களும் 2021-ல் இதைச் சோதித்தார்கள். இடம் கிடைத்தவர்களை, முதல் கட்டத் தேர்வைத் தாண்டியும் கடைசியில் இடம் கிடைக்காமல் போனவர்களோடு ஒப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் ஆராய்ச்சிப் பணியைத் தேர்ந்தெடுப்பதும், அதில் நிலைப்பதும், எழுதுவதும் கூடுதலாகவே இருந்தது. ஆக, திறமை மட்டும் இல்லை. அந்த இடமும் ஏதோ செய்திருக்கிறது.

என்ன செய்தது? சம்பளம், ஆசான், வார்டுக்குப் பக்கத்தில் லேப், எல்லாம் சரி. எனக்குத் தோன்றும் இன்னொன்று: ஓடிப்போக முடியாது. முதல் வருஷம் தோற்றதும் லெஃப்கோவிட்ஸ் கிளம்பியிருந்தால் அடுத்த வண்டி சைகோனுக்கு. தோற்கும் காலத்தைத் தாண்டும் வரை அவரைப் பிடித்து வைத்தது ஒரு போர். அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ராணுவ அழைப்பு ஆண்களுக்குத்தான் என்பதால் இந்த வரிசையில் பெண்கள் மிகச் சிலரே. எத்தனை திறமை வெளியே நின்றதோ!

1973-ல் கட்டாய சேவை முடிந்தது. வரிசையும் குறைந்தது. 1979-ல் ஜேம்ஸ் வின்கார்டன் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யும் டாக்டரை, 'அழிந்துவரும் இனம்' என்று தலைப்பிலேயே சொன்னார், புலி மாதிரி. பின்னால் என்.ஐ.எச்.சுக்கே தலைவரானார்.

அதற்குப் பிறகு வந்த திட்டங்களை எல்லாம், போர் இல்லாமலே அந்த ரெண்டு வருஷத்தைத் திரும்பக் கட்டும் முயற்சியாகத்தான் நான் படிக்கிறேன். என்.ஐ.எச். இளம் மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கும் ஒரு நிதியில், வேலை நேரத்தில் 75 சதவீதம் ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கினால்தான் பணம். பிரிட்டனில் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்களுக்கான ஒரு பணியில் 25 சதவீதம் நேரம் ஆராய்ச்சிக்கு. படிப்புக் கடனை அடைத்துக் கொடுக்கும் திட்டமும் அமெரிக்காவில் உண்டு. எல்லாவற்றிலும் வாங்கித் தரப்படும் சரக்கு ஒன்றுதான்: யாரும் பிடுங்க முடியாத நேரம்.

எக்செல் டேபிள் போட்டு முடித்த அன்றைக்கு இந்தக் கதையை அக்கா மகளிடம் சொன்னேன். நோபல் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஒரு வருஷத்துக்கு மேல ஒண்ணுமே வரலைன்னு சொன்னீங்களே... அவரை யாரும் திட்டலியா மாமா?"