ஹெலிகோபாக்டர் பைலோரி சிகிச்சையும் எதிர்ப்பொருள் சோதனையும்

ஹெலிகோபாக்டர் பைலோரி, இரைப்பையின் உட்சளிப் படலத்தில் வாழும் திருகு வடிவ பாக்டீரியா. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை ஆய்வகத்தில் வளர்த்தனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இரைப்பை அழற்சியும் வயிற்றுப் புண்ணும் உண்டாக்கும் இக்கிருமியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் முதல் வகைப் புற்றுக் காரணியாக வகைப்படுத்தியது. அதனால், மருந்துகளை முடித்தபின் கிருமி ஒழிந்ததா என்று உறுதிசெய்வது சிகிச்சையின் ஒரு பகுதியே.

சோதனையின் அடிப்படை

தொற்று ஏற்பட்டதும் உடல் இக்கிருமிக்கு எதிராக எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உருவாக்குகிறது. இவற்றுள் ஐஜிஜி வகையை எலிசா எனும் ஆய்வக முறையில் இரத்தத்தில் அளவிடலாம். செலவு குறைவு, எண்டோஸ்கோப்பி தேவையில்லை. ஆனால் சோதனை காட்டுவது கிருமியை அன்று, அதற்கு உடல் ஆற்றிய எதிர்வினையை. கிருமி அழிந்த பின்னரும் ஐஜிஜி பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், இரத்தத்தில் தங்கியிருக்கும்.

கண்காணிப்பில் பயன்

எனவே சிகிச்சைக்குப் பின் எடுத்த ஒற்றைச் சோதனையில் ‘பாசிட்டிவ்’ என வந்தால் அது தோல்விக்குச் சான்றாகாது. சிகிச்சைக்கு முன் எடுத்த சீரத்தை (இரத்தத் தெளிநீரை) பாதுகாத்து, ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து எடுத்த சீரத்துடன் ஒரே முறையில், ஒரே நேரத்தில் அளவிட்டால் மட்டுமே ஒப்பீடு நம்பத்தக்கது. எதிர்ப்பொருள் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தால் கிருமி ஒழிந்திருக்க வாய்ப்பு மிகுதி. ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் விரைவுச் சோதனைகள் இதற்கு உதவா.

மாற்றுச் சோதனைகள்

இந்தக் காத்திருப்பும் சிகிச்சைக்கு முந்தைய சீரத்தைச் சேமிக்கும் சிரமமும் இருப்பதால், ஒழிப்பை உறுதிசெய்ய மருத்துவ வழிகாட்டுதல்கள் யூரியா மூச்சுச் சோதனையையும் மல ஆன்டிஜென் சோதனையையுமே பரிந்துரைக்கின்றன. இவை தற்போதுள்ள தொற்றையே காட்டும். சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்தே இவற்றைச் செய்ய வேண்டும்; ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை மருத்துவர் அறிவுரைப்படி இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் ‘நெகட்டிவ்’ என வரக்கூடும்.

அம்மாத்திரைகள் எதிர்ப்பொருள் அளவைப் பாதிப்பதில்லை. ஆகவே அவற்றை நிறுத்த முடியாதவர்களிடமும், புண்ணில் இரத்தம் கசியும் நிலையிலும், முதல் நோயறிதலுக்கு இரத்தச் சோதனை இன்றும் பயன்படுகிறது. குணமானதை உறுதிசெய்ய அதை மட்டும் நம்பி, மீண்டும் ஆன்டிபயாட்டிக் தொடங்குவது தவறு.