எஞ்சியதிற் கால்: செலவுக் கணக்கும் பின்னமும்

பாடசாலைக் கணித நூல்களில் நாம் அனைவரும் சந்தித்த மனிதன் ஒருவன் உண்டு. தன் சம்பளத்தில் 1/3 பங்கை உணவுக்குச் செலவிடுகிறான். எஞ்சியதில் 1/4 பங்கை வாடகையாகக் கொடுக்கிறான். கையில் 300 ரூபா மிஞ்சுகிறது. சம்பளம் யாது? உணவுச் செலவு போக 2/3 எஞ்சும். அதில் 3/4 என்பது மொத்தத்தின் 1/2 ஆகும். எனவே 600 ரூபா. 'எஞ்சியதில்' என்னுஞ் சொல்லைத் தவறவிட்டு இரு பின்னங்களையும் கூட்டும் மாணவன், மிச்சம் 5/12 எனக்கொண்டு 720 ரூபா என விடை காண்பான்.

இச்சம்பளக்காரன் வரலாற்றிற் பிந்தியவன். காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி எனப் பொருள்வழியே கணக்கை வகுத்தது. திண்ணைப்பள்ளி மாணவன் அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என இறங்கி, 1/320 ஆகிய முந்திரிவரை மனனஞ் செய்தான். இரண்டாலும் ஐந்தாலும் வகுத்துப் பெற்ற இவ்வரிசையில் மூன்றிலொன்றுக்கு இடமில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலராட்சியின் தொடக்கத்திலும் இலங்கையில் வழங்கிய இறைசாலுக்கு 12 பணம்; அதில் மூன்றிலொன்று 4 பணம், காற்பங்கு 3 பணம். 1872 இல் ரூபா 100 சதமானபின் மூன்றிலொன்று முழுச்சதத்தில் முடியாது போயிற்று. பாடநூலாசிரியர் தொகையைத் தேடிப்பிடித்துத் தரவேண்டியிருப்பதும் இதனாலேயே.

நெடுங்கேணி போன்ற, குளத்தையும் மழையையும் நம்பிய வன்னிக் கிராமங்களில் கமக்காரனின் பின்னக் கணக்கு காசு கைக்கு வருமுன்னரே சூடு மிதிக்கும் களத்தில் தொடங்கிவிடுகிறது. அரைவாரத்துக்குச் செய்யும் ஓர் ஏக்கர் வயலில் 40 புசல் விளைந்ததெனவும், விதைநெல்லும் கூலியுமாக 8 புசல் செலவெனவும் கொள்வோம். செலவை முதலிற் கழித்துப் பங்கிட்டால் கமக்காரனுக்கு 16 புசல். பங்கிட்டபின் அவன் பாதியிலிருந்தே செலவைக் கழித்தால் 12. பின்னம் ஒன்றே, கழிக்கும் வரிசை வேறு. மாணவன் தவறவிட்ட 'எஞ்சியதில்' இங்கே 4 புசல் நெல்லாகிறது. எதை முதலிற் கழிப்பது என்பதை வழக்கத்தின் பெயரால் நிர்ணயிக்கும் வலிமை நிலவுடைமையாளனிடமே இருந்தது.

பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இவ்வுறவிற் கைவைத்தது. குத்தகை விளைவின் 1/4 அல்லது ஏக்கருக்கு 12 புசல், இவற்றிற் குறைந்ததே என அது வரையறுத்தது. மேற்காட்டிய வயலுக்குக் குத்தகை 10 புசல்; செலவும் போகக் கமக்காரனுக்கு 22 எஞ்சும். 60 புசல் விளைந்தாற் காற்பங்கு 15 ஆயினும் கொடுக்கவேண்டியது 12 தான், அதாவது விளைவின் 1/5. கூடிய விளைவின் பயன் உழுதவனுக்கு. சட்டத்தையடுத்துக் குத்தகைக்காரர் பலர் வயலைவிட்டு வெளியேற்றப்பட்டனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. அச்சட்டமும் பின்னர் வேறு சட்டங்களுக்கு இடங்கொடுத்தது.

ஆயினும் அதன் குத்தகை விதியை நெடுங்கேணி மாணவனுக்கு இன்றும் ஒரு பயிற்சிக் கணக்காகக் கொடுக்கலாம்: ஏக்கரின் விளைவு எத்தனை புசலைத் தாண்டும்போது காற்பங்கை விட்டு 12 புசல் வரம்பு பயன்படத் தொடங்கும்? விடை 48.