சுக்கான் பிடித்தவனின் கூலி

'கவர்னர்' என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு கப்பலின் பின்பக்கத்தில் போய் நிற்போம். கிரேக்கத்தில் 'குபர்னேத்தேஸ்' என்றால் சுக்கான் பிடிப்பவன், நம் மீகாமன். அதை லத்தீன்காரர்கள் 'குபர்னாத்தோர்' ஆக்கினார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ராஜ்பவன் வரைக்கும் ஏறிவிட்டது. (1948இல் நார்பர்ட் வீனர் 'சைபர்னெடிக்ஸ்' என்று பெயர் வைத்ததும் இதே சொல்லிலிருந்துதான். இன்றைய 'சைபர் க்ரைம்' வரை அதன் வால் நீள்கிறது.)

ஆட்சியைக் கப்பலோடு ஒப்பிடுவது இன்றைக்குத் தேய்ந்துபோன மேடைப் பேச்சு. ஏதென்ஸில் அப்படி இல்லை. அந்த ஊர் சாப்பிட்ட தானியத்தில் பெரும்பங்கு கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. போர்க்கப்பல் ஒன்றில் 170 பேர் துடுப்பு வலிப்பார்கள். கப்பலுக்குத் தலைவர் 'திரியரார்க்' என்பவர். ஊர்ப் பணக்காரர்களில் ஒருவர். ஒரு வருஷத்துக்குக் கப்பலின் செலவு அவர் தலையில். அவருக்குக் கடல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நிஜத்தில் கப்பலை நடத்துகிறவன் மீகாமன்தான். பின்புறம் இரண்டு பக்கமும் இருக்கும் சுக்கான் துடுப்புகள் அவன் கையில்.

இதை மனசில் வைத்துக்கொண்டு பிளாட்டோவின் 'குடியரசு' ஆறாம் புத்தகத்தைப் படித்தால் அந்தக் கப்பல் கதை வேறு மாதிரித் தெரியும். முதலாளி நல்ல வாட்டசாட்டமான ஆள், ஆனால் காது மந்தம், கண்ணும் மங்கல், கடல் அறிவும் அந்த லட்சணம்தான். மாலுமிகள் சுக்கானுக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஒருவனும் அதைக் கற்றவனில்லை. கேட்டால், அது கற்றுக்கொடுக்கிற வித்தையே இல்லை என்கிறார்கள். கடைசியில் முதலாளியை மயக்கிப் போட்டுவிட்டு, சரக்கைத் தின்று குடித்தபடி கப்பலை ஓட்டுகிறார்கள். காற்று, பருவம், நட்சத்திரம் எல்லாம் படித்த அசல் மீகாமனோ அவர்களுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற உதவாக்கரை.

முதலாளி என்றால் மக்கள். பிளாட்டோவுக்கு மக்கள்மேல் அவ்வளவு கசப்பு ஏன்? பொ.ஆ.மு. 406இல் அர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. ஆனால் புயலில், உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களை மீட்க முடியாமல் போனது. ஜெயித்துக் கொடுத்த எட்டுத் தளபதிகளுக்கும் மக்கள் சபை ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதித்தது. ஊர் திரும்பியிருந்த ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். அன்றைக்குச் சபையை நடத்திய குழுவில் இருந்து, இது சட்டவிரோதம் என்று எதிர்த்தவர் சாக்ரடீஸ். பிளாட்டோவுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயசு. காது மந்தமான முதலாளியை அவர் வெறும் கற்பனையில் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மீகாமனுக்கு *எப்படி*ப் போவது என்று தெரியும். *எங்கே* போவது என்பது கப்பல் ஏறியவன் முடிவு செய்ய வேண்டியது. இதை பிளாட்டோவே 'கோர்கியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸின் வாயால் சொல்லிவிடுகிறார். எகிப்திலிருந்து ஒரு குடும்பத்தையே சாமான்களோடு பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிற மீகாமன் மிஞ்சிப் போனால் இரண்டு திராக்மா கூலி வாங்குகிறான். அப்புறம் கரையில் தன் கப்பல் பக்கத்தில் அடக்கமாக உலாத்துகிறான். ஏனென்றால், மூழ்காமல் காப்பாற்றியதால் அவர்களில் யாருக்கு நன்மை செய்தோம், யாருக்குக் கெடுதல் செய்தோம் என்பது அவனுக்குத் தெரியாது! பட்டம் கட்ட வேண்டிய மீகாமனைவிட இந்தக் கூலிக்கார மீகாமனைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று தேடினேன். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே வேலை வாங்கிக் கப்பலோட்டியதாக வெண்ணிக் குயத்தியார் பாடுகிறார் (புறம் 66). அது பெருமை, ஆட்சிக்கு உவமை இல்லை. ஆட்சிக்கு உவமை புறம் 185இல் இருக்கிறது. அங்கே கப்பல் இல்லை, வண்டி. பாடியவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பெரும்பாணாற்றுப்படை அவனுடைய கடற்கரையையும், இரவில் ஓடுகிற கலங்களுக்கு வழிகாட்ட எரியும் விளக்கையும் விரித்துச் சொல்கிறது. கப்பல் பார்க்காதவனில்லை. பேரிலேயே திரை இருக்கிறது!

அப்படிப்பட்டவன் ஏன் மாட்டு வண்டிக்குப் போனான்? பிளாட்டோ கப்பலில் ஏறிய பயணியாகப் பேசுகிறார். இளந்திரையன் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறான். அவன் பாட்டில் காது மந்தமான முதலாளி இல்லை, சண்டைபோடும் மாலுமிகள் இல்லை, புயலும் இல்லை. ஓட்டுகிறவன் திறமைசாலியானால் வண்டி ஒழுங்காகப் போகும். இல்லையென்றால் பகை என்னும் சேற்றில் நாள்தோறும் சிக்கும். பாட்டே ஆறே அடிதான்.