மின்கடத்துப் பொருள்களால் தசைத் திசு உருவாக்கம்

மின்சாரம் பாயக்கூடிய சாரத்தின் மேல் தசை உயிரணுக்களை வளர்த்து, இழந்த தசைக்கு ஈடாகப் புதிய திசுவை உருவாக்கும் முறை. திசுப் பொறியியலின் ஒரு கிளை.

தேவை: எலும்புத்தசையில் ஏற்படும் சிறு காயங்களை, தசைநார்களை ஒட்டியுள்ள துணை உயிரணுக்கள் ஆற்றிவிடுகின்றன. விபத்திலோ புற்றுநோய் அறுவையிலோ பெரும்பகுதி போய்விட்டால், அந்த இடத்தைத் தழும்புத் திசு அடைத்துக்கொள்கிறது. தழும்புக்குச் சுருங்கும் ஆற்றல் இல்லை.

மின்சாரத்தின் பங்கு: தவளைக் காலில் மின்சாரம் பாய்ந்தால் தசை துடிப்பதைப் பற்றிய தம் ஆய்வை லூயிகி கால்வானி 1791-இல் வெளியிட்டார். நரம்பின் கட்டளை தசையில் மின்துடிப்பாகவே பரவுகிறது. வழக்கமான பாலிமர் சாரங்களில் மின்சாரம் பாய்வதில்லை. இதய உயிரணுக்களை அவற்றில் வளர்த்தால் ஒன்றுசேர்ந்து துடிப்பது கடினம்.

பொருள்கள்: பாலிஅனிலின், பாலிபிர்ரோல் போன்ற மின்கடத்து பாலிமர்கள், கார்பன் நானோகுழாய், கிராபீன், தங்கம் முதலிய உலோகங்கள். தங்கம் நுண்ணளவில்தான் சேர்க்கப்படுகிறது. 2011-இல் டால் டிவிர், டேனியல் கோஹன், ராபர்ட் லாங்கர் உள்ளிட்ட குழு, கடற்பாசியிலிருந்து பெறும் ஆல்ஜினேட் சாரத்தில் தங்க நானோகம்பிகளைக் கலந்தது. அதில் வளர்ந்த இதயத்தசை உயிரணுக்கள் மின்தூண்டலுக்கு ஒருசேரச் சுருங்கின.

செய்முறை: உயர் மின்னழுத்தத்தில் பாலிமர் கரைசலை இழையாக இழுக்கும் மின்நூற்பு பரவலாகக் கையாளப்படுகிறது. இழைகள் ஒரே திசையில் அமைந்தால் தசை முன்னோடி உயிரணுக்களும் அதே திசையில் நீண்டு, ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட தசைக்குழல்களாகின்றன. பாலிஅனிலின் கலந்த இழைகள் இந்த மாற்றத்தைத் தூண்டுவதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர்.

இந்தியாவில்: பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிக்ரம்ஜித் பாசு குழுவினர், எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டுடன் கால்சியம் டைட்டனேட் சேர்த்த தளங்களில் சுண்டெலித் தசை முன்னோடி உயிரணுக்களை வளர்த்தனர். தளத்தின் மின்கடத்துதிறனுக்கேற்ப அவற்றின் பெருக்கமும் முதிர்ச்சியும் மாறுவதை 2013-இல் வெளியிட்டனர்.

வரம்புகள்: பாலிஅனிலின் உடலில் சிதைந்து கரைவதில்லை. கார்பன் நானோகுழாய்களின் நச்சுத்தன்மை பற்றிய ஐயம் நீடிக்கிறது. இரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் உள்ள உயிரணுக்களுக்கு ஆக்ஸிஜன் போதுமான அளவு எட்டுவதில்லை. ஆகவே தடித்த தசையை வளர்க்க, மின்கடத்தும் சாரத்தோடு இரத்தக் குழாய்களும் நரம்பிணைப்பும் வேண்டும்.