ஹைதிக்கு வரைபடம் எழுதியவர்கள்

2010 ஜனவரி 12 அன்று மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர் ஹைதி நாட்டுத் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸைக் குலுக்கிய பூகம்பம், ஜனாதிபதி மாளிகையையும் ஐக்கிய நாடுகள் சபைத் தூதுக்குழுவின் தலைமையகத்தையும் சேர்த்தே சரித்துவிட்டபடியால், துயர் துடைக்க வேண்டியவர்களே இடிபாட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். வெளிதேசங்களிலிருந்து வந்திறங்கிய மீட்புப் படையினருக்கோ, நகரின் சந்துகளைக் காட்டும் நல்ல வரைபடம்கூட வாய்க்கவில்லை. இந்நிலையில், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பார்த்து, வீதி வீதியாக 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் பொது வரைபடத்தில் கோடிழுத்துக் கொடுத்தவர்கள், ஹைதியைக் கண்ணாலும் கண்டிராத நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள்.

உதவி வேண்டுவோர் 4636 என்ற எண்ணுக்குக் காசின்றிக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்ற ஏற்பாடு அதற்குள் நடைமுறைக்கு வந்தது. 2008-இல் கென்யாவின் தேர்தல் கலவரத்தைப் பதிவு செய்யப் பிறந்த 'உஷாஹிதி' என்னும் மென்பொருளைக் கொண்டு, பாஸ்டன் நகரையடுத்த டஃப்ட்ஸ் சர்வகலாசாலை மாணவர்கள் அச்செய்திகளை வரைபடத்தில் குறித்தார்கள் என்பது பலரும் சொல்லும் சரித்திரம். அவர்களது உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் செய்திகள் பெரும்பாலும் கிரியோல் மொழியில் வந்தபடியால், பல தேசங்களில் சிதறியிருந்த ஹைதிக்காரர்கள் இரவுபகலாக அவற்றை மொழிபெயர்த்துத் தந்திராவிட்டால், அந்த வரைபடத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? காப்-ஹைசியன் நகருக்குத் தெற்கே 14 கிலோமீட்டரில் மிலோ என்ற ஊரிலுள்ள சாக்ரே-கேர் ஆஸ்பத்திரி நோயாளிகளை ஏற்கத் தயாராயிருக்கிறது என்று வந்த ஒரு செய்தியை, பிறந்த மண்ணை அறிந்த ஒருவர் ஆங்கிலமாக்கி, ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தையும் அட்சரேகை தீர்க்கரேகையோடு குறித்தனுப்பினார். எந்த இயந்திரமும் அன்று அதைச் செய்திராது.

இதற்கு நேர்மாறானது, ஜனங்கள் தாம் அறியாமலே தந்த தகவல். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தாரும் கொலம்பியா சர்வகலாசாலையாரும் டிஜிசெல் என்னும் கைபேசிக் கம்பெனியின் 19 லட்சம் சிம் கார்டுகள் எந்தக் கோபுரத்திலிருந்து எந்தக் கோபுரத்துக்கு நகர்ந்தன என்று, பெயரை நீக்கிவிட்டு ஆராய்ந்து, பூகம்பத்துக்குப்பின் சுமார் 6,30,000 பேர் தலைநகரை விட்டகன்றனர் என்று கணித்தார்கள்; அந்த முடிவு 2011-இல்தான் அச்சேறியது. ஆயினும் 2010 அக்டோபரில் காலரா தலைகாட்டியபோது, நோய் கண்ட பகுதியினின்று ஜனங்கள் எங்கே சென்றனர் என்பதை, தகவல் கைக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் அந்த ஆராய்ச்சியாளர்களே சொல்லிவிட்டார்கள்.

அந்நோயோ, ஐக்கிய நாடுகள் அமைதிப்படை முகாமொன்றின் கழிவுநீர் வழியே ஆர்டிபோனிட் நதியின் கிளையொன்றில் கலந்தது என்றே ஆராய்ச்சியாளர் பலரும் கண்டனர். காலரா விஷயத்தில் தாங்கள் போதிய அளவு செய்யவில்லை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் பான் கீ மூன் ஹைதி ஜனங்களிடம் மன்னிப்புக் கோரியது 2016 டிசம்பரில்.