புழுங்கல் அரிசியும் ஒரு மருத்துவக் கட்டுரையும்

பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் புழுங்கல் அரிசி மூட்டைகளைக் காணும்போதெல்லாம் ஒரு பழைய மருத்துவக் கட்டுரை என் நினைவுக்கு வரும். 1907 ஜூன் திங்களில் இலண்டனின் 'லான்செட்' இதழில் வெளிவந்த கட்டுரை அது. ஆய்வு நடந்த இடமோ கோலாலம்பூர் மனநோயர் காப்பகம். அறிவியல் இதழ்கள் ஒரு கட்டுரையை எவ்வாறு சோதித்து ஏற்கின்றன என்பதை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர், எடுத்துக்காட்டைத் தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை.

அக்காலத்தில் மலாயாவை வாட்டிய கொடிய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், நடை தளரும், முற்றினால் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. தோட்டப்புறத் தமிழரிடையே அரிதாகவே இருந்தது. இந்த வேறுபாடு நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடனின் கண்ணில் பட்டது. சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கல் அரிசி. எனவே நோயின் வேர் அரிசியில்தான் உள்ளது என்றார் அவர். தேங்கிக் கிடக்கும் வெள்ளை அரிசியில் ஒருவகை நஞ்சு தோன்றுகிறது என்பது அவர் கொள்கை. நம் பாட்டிமார் எந்த ஆய்வும் அறியாமல் செய்துவந்த பக்குவம் ஒரு மருத்துவ விவாதத்தின் நடுவே வந்து நின்றது இவ்வாறுதான்.

கோலாலம்பூரின் மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர் இதனை எளிதில் நம்பவில்லை. நம்பாதவர் வாதிடவில்லை, சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பர் 5-ஆம் நாள் காப்பகத்து நோயாளர் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்குப் பகுதிக்குச் சென்றனர். அவர்களுக்கு முன்போலவே சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குப் பகுதியில் தங்கினர். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. ஏனைய உணவு இரு சாராருக்கும் ஒன்றே. கட்டடத்திலிருந்து நோய் தொற்றுகிறதோ என்ற ஐயம் எழக்கூடும் அல்லவா? அதற்காக இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார்.

ஓராண்டு கடந்தது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்களுள் நோய் கண்டவர் இருவர் மட்டுமே. அவ்விருவரும் சேர்க்கப்பட்டபோதே நோயோடு வந்தவர்கள். பிளெட்சர் தம் ஐயத்தைக் கைவிட்டார். ஆயினும் அரிசியில் நஞ்சு உள்ளதா, ஏதேனும் சத்து குறைந்துள்ளதா என்ற வினாவுக்கு அவர் முடிவு கூறவில்லை.

இன்று ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை வந்தால் ஆசிரியர் முதலில் படிப்பார். தகுதியுடையது எனக் கண்டால் அத்துறை வல்லுநர் இருவர் அல்லது மூவருக்கு அனுப்புவார். பெரும்பாலும் அவர்கள் பெயர் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை, ஊதியமும் இல்லை. முறை சரியா, தரவுகள் முடிவைத் தாங்குகின்றனவா, விடுபட்டது என்ன என்று எழுதித் தருவார்கள். ஏற்பதும், திருத்தக் கோருவதும், மறுப்பதும் ஆசிரியர் பொறுப்பு. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் கண்ட உரைகளுள் மெய்யுரை எதுவென அறிய, வாய் பேசாச் சிறுவன் உருத்திரசன்மனை அவையில் அமர்த்திய கதையை நாம் அறிவோம். அவனுடைய கண்ணீரே தீர்ப்பானது. ஆய்விதழ் மதிப்பீட்டாளர் அவ்வாறு கண்ணீர் சொரிந்து தப்பிவிட முடியாது. காரணம் எழுதியாக வேண்டும்.

லான்செட் இந்த முறையைத் தன் வழக்கமாக்கிக் கொண்டது 1976-இல்தான். பிளெட்சரின் காலத்தில் ஆசிரியர் ஏற்றால் கட்டுரை அச்சேறிவிடும். அப்படியானால் அவருடைய ஆய்வை மதிப்பிட்டவர் யார்? கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும். அவர்கள் மதிப்புரை எழுதவில்லை. ஆய்வையே மீண்டும் செய்தார்கள். நெகிரி செம்பிலானின் உட்பகுதியில் சாலை அமைக்கச் சென்ற சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு குழுக்களாக்கினர். வெள்ளை அரிசி உண்ட குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் அது நின்றது. பின்னர் மற்றக் குழுவுக்கு வெள்ளை அரிசி கொடுத்தபோது அங்கும் தோன்றியது. 1909-இல் முடிவுகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டுகளில், தீட்டும்போது உதிரும் தவிட்டில் நோயைத் தடுக்கும் பொருள் இருப்பதையும் அவர்கள் காட்டினர். பிராடன் கண்டது சரி. அவர் கூறிய காரணம் தவறு. நஞ்சு அன்று, குறைபாடு. பிற்காலத்தில் பி1 உயிர்ச்சத்து என்று பெயர் பெற்றது அந்தப் பொருளே. நெல்லை அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கி விடுகிறது.

இன்றைய மதிப்பீட்டாளர் எவரும் ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. தாளில் உள்ளதையே படிக்கிறார். ஆகவே 'மதிப்பிடப்பட்ட கட்டுரை' என்ற ஒரு சொல்லையே சான்றாகக் கொள்வது எனக்கு உடன்பாடன்று. பிரேசரும் ஸ்டான்டனும் செய்தது அதனினும் கடுமையான சோதனை.

ஆனால் பிளெட்சரின் கட்டுரை இன்று அனுப்பப்பட்டால் என்ன ஆகும்? ஒற்றை, இரட்டை என மாறிமாறிப் பிரித்ததை மதிப்பீட்டாளர் ஒருவேளை குறை கூறுவார்; யார் எப்பக்கம் செல்வார் என முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்பார். அதற்கும் முன்பே இதழின் ஆசிரியர் வேறொன்றைக் கேட்பார். அந்த நோயாளரிடம் இசைவு பெறப்பட்டதா? இறப்புகள் தொடங்கிய பின்னும் கிழக்குப் பகுதியில் வெள்ளை அரிசியைத் தொடர்ந்தது ஏன்? மனிதரை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கு நெறிகள் வகுத்த எல்சிங்கி அறிக்கை 1964-இல்தான் வந்தது. அந்நெறிகளின்படி இக்கட்டுரை மதிப்பீட்டாளர் கைக்கே செல்லாது. ஆசிரியர் மேசையிலிருந்தே திரும்பிவிடும்.